மாப்பிள்ளையின் தவளைக்கு டாக்டர் கிடைத்த விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கு நீங்களும் எங்கள் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தவளையும் சௌக்கியம். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால், பாதியிலேயே பாப்பா பிடுங்கிக்கொண்டு அவள் அம்மாவை ஒரு பிடி பிடிப்பாள். ஆகவே கடிதம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் எங்களிடம் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது, வேலைப் பயிற்சி முடிந்து திரும்பும்வரை இந்தத் தவளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மாப்பிள்ளை கேட்டு மறுக்க முடியுமா? கண்ணாடித் தொட்டியோடு வாங்கி ஜன்னலோரம் வைத்தோம். ஒரு வேலையும் செய்யாமல், வயிற்றைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்ததால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தேன். உங்கள் அத்தை என் எதிரில் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

போன வாரம் மேனேஜர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன புழுவை மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டார். தோல் சுருங்கி நிறம் மங்கிக் கிடந்தார். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அவரை வைத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் பிராணிகள் கிளினிக்குக்கு ஓடினேன். வரவேற்பில் இருந்த பெண், "பேரு?" என்றாள். "மேனேஜர்." "உங்க வேலையைக் கேக்கல சார், பேரு." "அதும்மா, டப்பாவுல இருக்கிறவரோட பேரு." தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்றா என்று அடுத்த கேள்வி. டாக்டர் மூடியைத் திறந்த வேகத்தில் மூடி, தனக்கு நாயும் பூனையும்தான் பழக்கம் என்று மாட்டு டாக்டரிடம் அனுப்பினார். அவர் கை கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து, "நான் தோள் வரைக்கும் கையை விட்டுப் பாக்கிற ஆளு சார். இதுக்கு எந்த விரலை விடுறது?" என்றார். நல்ல மனிதர், விலங்குக் காட்சிசாலையில் கேட்கச் சொன்னார். அங்கே போன் போட்டு, "என்கிட்ட ஒரு தவளை இருக்கு" என்று ஆரம்பித்தேன். "ஒண்ணுதானா? பாம்புக்கு அது எந்த மூலைக்குப் பத்தும்? கூடையா இருந்தா கொண்டு வாங்க" என்றார் எடுத்தவர். அலறியடித்துப் போனை வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டு, இது மாப்பிள்ளையுடைய தவளை, தீனி அல்ல, நோயாளி என்று விளக்கிய பிறகு, பாம்பு, ஆமை, தவளைக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவின் விலாசம் கிடைத்தது. ஊரின் மறுகோடி. செருப்பை மாட்டும்போது உங்கள் அத்தை, "நானும் வரேன்" என்று கிளம்பினாள். பஸ்ஸில் டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அதுவே ஆச்சரியம்.

டாக்டரம்மா சின்ன வயதுதான். கையுறையை நனைத்துக்கொண்டு மேனேஜரைத் தூக்கி, "வாங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று விசாரித்தார். இந்த ஊரில் மேனேஜரை மதித்த முதல் டாக்டர். தண்ணீர் மாற்றுகிறீர்களா, வெயில் படுகிறதா என்று என்னைக் குடைந்துவிட்டு, "அப்புறம் எப்படி இப்படிக் காஞ்சு போச்சு?" என்றார். அத்தைதான் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் துவட்டி விட்டேன். எப்பப் பாத்தாலும் ஈரத்துலயே உக்காந்திருக்கே, சளி பிடிக்குமேன்னு... இவர் வெளிய போனதும் துண்டால துவட்டி, கொஞ்சம் பவுடர் போட்டு விடுவேன்."

"பவுடரா?" என்றார் டாக்டரம்மா.

"வாசனைப் பவுடர்தான். குழந்தைக்குப் போடுறது."

தவளை தண்ணீர் குடிப்பதே தோலால்தான், துவட்டுவது வாய்க்கு எட்டிய தண்ணீரைப் பிடுங்குவதற்குச் சமம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அத்தைக்குக் கண்ணில் நீர் கொட்டிவிட்டது. "மாப்பிள்ளை கேட்டதே ஒண்ணு. அதையும் கொல்லப் பாத்தேனே" என்று அழுதாள். டாக்டரம்மா பவுடரைக் கழுவி, ஆழமில்லாத தண்ணீரில் மேனேஜரை உட்கார வைத்தார். சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு இடுக்கியில் நீட்டிய புழுவை மேனேஜர் லபக்கென்று விழுங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது பழையபடி முறைக்கிறார். ஆனாலும் மாப்பிள்ளை, இந்த வயதில் இந்தப் பொறுப்பு எங்களுக்குத் தாங்காது. பயிற்சி முடிந்ததும் நேரே இங்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் அத்தையின் அபிப்பிராயமும் அதுவே. பவுடர் விஷயம் பாப்பா காதுக்குப் போக வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போடாமல், நீங்கள் இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அது என் அபிப்பிராயம்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்கிறாள். மேனேஜரை இனிமேல் இடம் மாற்றவே கூடாது, இங்கேயேதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக எழுதச் சொல்கிறாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நேரில் வந்து கேட்டால், சொன்னார் என்றுதான் நானும் சொல்வேன்.