பத்துக்குக் கீழே தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 'குடிநீர்த் தூய்மைக் கண்காணிப்புத் துணைக்குழு'வுக்குத் தம்புசாமி ஏகமனதாகத் தலைவரானார். கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை. லைசென்ஸ் ஆபீசில் கெராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்த ஒன்றும் கிடைக்காமல் கை நமநமத்துக்கொண்டிருந்த காலம் அது.

குழுவின் சொத்து ஒரு பேனா மீட்டர். தண்ணீரில் முக்கினால் நம்பர் காட்டும். தம்புசாமி அன்றைக்கே சட்டம் இயற்றிவிட்டார். நம்பர் பத்துக்குக் கீழே வந்தால் கதவில் பச்சை ஸ்டிக்கர், நூறு வரைக்கும் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. கடையில் வாங்கிய தண்ணீர் செல்லாது. மேற்படி நீர் மேற்படி வீட்டிலேயே உற்பத்தியாகியிருக்க வேண்டும்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் மலர்விழிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பா, அது தண்ணியில உப்பு எவ்ளோ கரைஞ்சிருக்குன்னுதான் காட்டும். கிருமியைக் காட்டாது."

"காட்டலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"லைசென்ஸ் இல்லாத கடை உங்க ஃபைல்ல இருக்காது. அதுக்காகக் கடையே இல்லைன்னு ஆயிடுமா?"

"எங்க ஆபீசைப் பொறுத்தவரைக்கும் இல்லதான் லா."

நம் ஆட்களுக்குத் தண்ணீர் மீது என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. குழாயில் ஒரு ஃபில்டர், அடுக்களையில் இன்னொரு ஃபில்டர், அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று கொதிக்க வைத்தும் குடிப்போம். அப்படிப்பட்டவர்களிடம் ஸ்டிக்கரைக் காட்டினால் சும்மா இருப்பார்களா? மஞ்சள் வாங்கியவர்கள் லிஃப்டில் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிவப்பு வாங்கியவர்கள் படியில் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து ராதாகிருஷ்ணன் போன் செய்தார். அவர் மகன் குகனும் மலர்விழியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம்தான்.

"ஜாதகம் பார்த்தாச்சு, எல்லாப் பொருத்தமும் இருக்கு. தண்ணி ஒன்னுதான் பாக்கி" என்றார் அவர். "நானும் எங்க தாமான் குடியிருப்புல தண்ணிக் கமிட்டி தலைவர்தான். உங்க வீட்டுல பத்துக்குக் கீழன்னா, ஞாயித்துக்கிழமை வந்து பேசி முடிச்சிடலாம்."

தம்புசாமி அதுவரை தன் வீட்டைச் சோதித்ததில்லை. அதிகாரி தன் வீட்டைச் சோதிக்கும் வழக்கம் எந்த இலாகாவிலும் கிடையாது. இப்போது ஏழு கட்டச் சுத்திகரிப்பு செய்யும் தன் ஃபில்டரைத் திறந்து பேனாவை முக்கினார். நூற்று இருபத்தெட்டு. உதறி, கைலியில் துடைத்து, மறுபடி முக்கினார். நூற்று இருபத்தெட்டு. நேரே குழாய்த் தண்ணீரில் வைத்தார். அறுபத்தொன்று.

ஃபில்டர் விற்ற ஏஜென்டுக்குப் போன் பறந்தது.

"அண்ணே, ஏழாவது கட்டத்துல உடம்புக்கு நல்லதுன்னு மினரல் கல்லு சேர்க்குது. இவ்ளோ காசு கொடுத்து வாங்கினா நம்பர் ஏறத்தானே செய்யும்?"

"ஃபில்டரைக் கழட்டிட்டா மஞ்சளாவது கிடைக்கும்" என்றார் மனைவி சீதாலெட்சுமி.

சட்டம் சட்டம்தான். தம்புசாமி தன் கதவில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார், உள்பக்கமாக. எந்தப் பக்கம் ஒட்டவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் மனசுக்குள் பயந்துபோனார். பெண்ணின் கல்யாணம் தன் பேனாவாலேயே நின்றுவிடுமோ?

அந்தக் கலக்கத்தோடு பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் அக்காவிடம் சோதனைக்குப் போனார். அக்கா வீட்டுக் குடிநீருக்கு மஞ்சள் ஸ்டிக்கர்தான் கிடைத்தது. கை சும்மா இராமல், பால்கனியில் இருந்த வாளியிலும் பேனாவை முக்கினார். ஆறு!

"அக்கா! இது எந்த ஃபில்டர்?"

"ஃபில்டரும் இல்ல, ஒன்னும் இல்ல தம்பி. ஏர்கோன் தண்ணி. சொட்டுறதைப் பிடிச்சு வச்சுத் தரை துடைப்பேன்."

தம்புசாமி சட்டத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பத்துக்குக் கீழே. வீட்டிலேயே உற்பத்தி. ஒரு குறையும் இல்லை. மாப் குச்சி செருகிய அந்த வாளிக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அன்றிலிருந்து அவர் வீட்டு ஏர்கோனுக்கு ஓய்வில்லை. குடும்பமே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தரை துடைக்கிற தண்ணிப்பா அது!" என்றாள் மலர்விழி.

"பச்சைத் தண்ணிம்மா. உனக்காகத்தான் லா பண்றேன்" என்றார். மகள் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். சீதாலெட்சுமி, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் கொதிக்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராதாகிருஷ்ணன் மனைவியோடும் மகனோடும் வந்தார். சட்டைப் பையில் வெள்ளி நிறப் பேனா. சீதாலெட்சுமி அந்தத் தண்ணீரைக் கிளாஸ்களில் ஊற்றித் தட்டில் கொண்டுவந்து வைத்தார். ராதாகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை முக்கினார். வீடே மூச்சுவிடாமல் பார்த்தது.

"அஞ்சு!" என்றார். "பிரமாதம். எங்க வீட்டுல ஒன்பதுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது."

"குடிங்க சம்பந்தி."

"நீங்க முதல்ல குடிங்க."

"விருந்தாளி இருக்கும்போது நாங்க குடிச்சா நல்லாவா இருக்கும்?"

யாரும் கிளாசைத் தொடவில்லை. ராதாகிருஷ்ணன் நாற்காலியை நகர்த்தி, தம்புசாமியின் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, ஒளிக்காமச் சொல்லுங்க. உங்க ஏர்கோன் எத்தனை ஹார்ஸ்பவர்?"

தம்புசாமிக்கு முதலில் வியர்த்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. "ஒன்றரை" என்றார்.

"அதான்! எங்களுது ஒன்னுதான்."

கல்யாணம் அந்த இடத்திலேயே நிச்சயமானது. எல்லாருக்கும் ஒரே தாகம். லிஃப்டில் இறங்கி, முக்கில் இருந்த சாலையோர ஒட்டுக்கடையில் வரிசையாக உட்கார்ந்து, ஐஸ் போட்ட தேநீரான தே ஐஸ் சொன்னார்கள். கடைக்காரர், தரையில் கிடந்த ஐஸ் மூட்டையைக் காலால் ஒரு எத்து எத்தி உடைத்து, அள்ளி கிளாசில் போட்டார். கிளாஸ்களை முக்கி எடுத்த தொட்டித் தண்ணீர் கலங்கிய கிள்ளான் ஆற்றின் நிறத்தில் இருந்தது.

மலர்விழி கையை நீட்டினாள். "அப்பா, அந்தப் பேனாவைக் கொடுங்க. இதையும் பார்த்துடுவோம்."

தம்புசாமியும் ராதாகிருஷ்ணனும் ஒரே நேரத்தில் தத்தம் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்கள்.

"சும்மா இரும்மா" என்றார்கள் இரண்டு தலைவர்களும் ஒரே குரலில். "குடிக்கிற நேரத்துல போய்!"