பாம்புக்கு வேப்பிலை கட்டிய உஷ் அண்ணன்

ஒரு பாம்பு பயந்துபோய் இருக்கிறது என்பது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற மனிதருக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. உஷ் அண்ணனுக்குத் தெரிந்தது. அதற்கு நான் சாட்சி.

சின்னமனூரில் என்ன, தேனி மாவட்டத்திலேயே வாடிக்கையாளரை விரட்டி விரட்டிக் கடை நடத்துகிற ஒரே வியாபாரி அவர்தான். மீன்தொட்டிக் கடை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாராவது வாயைத் திறந்தால் "உஷ்!" என்பார். ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்து, இருப்பதிலேயே பெரிய தொட்டியை விலை பேசி முடித்து, சந்தோஷத்தில் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். "ஒங்க வீட்டுச் சுவத்த இப்புடித் தட்டுனா ஒங்களுக்குத் தூக்கம் வருமா? போயிட்டு வாங்க" என்று அவரை அப்படியே அனுப்பிவிட்டார் அண்ணன். இத்தனைக்கும் பக்கத்துக் கடை மைக்செட் கடை. அங்கே "ஹலோ, ஹலோ" ஆரம்பித்தால், இவர் தொட்டிகளுக்கெல்லாம் போர்வை போர்த்தி, மீன்களிடம் மன்னிப்புக் கேட்பதாக ஊரில் சொல்வார்கள். கண்ணால் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பாம்பு வந்தது என் கொழுந்தனால். கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது முறைப்படி பதிவு செய்து அவன் வளர்த்த குட்டி அது. அமெரிக்க வகை, விஷம் கிடையாது, பென்சில் கனம், ஆரஞ்சு நிறம். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், "ஒங்களத் தவிர யார நம்பி விட்டுட்டுப் போவேன் அண்ணி?" என்று காகிதங்களை என் பெயருக்கு மாற்றி, தொட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதற்குக் கேரட் என்று பெயர் வைத்தாள்.

கேரட் சாப்பிடவில்லை. வாரம் ஒரு எலிக்குஞ்சு கொடுக்க வேண்டும் என்று கொழுந்தன் எழுதி வைத்திருந்தான். உறையவைத்த எலிக்குஞ்சுப் பாக்கெட்டும் தந்திருந்தான். இட்லி மாவுக்குப் பக்கத்தில் எலியா என்று என் மாமியாரான அத்தை ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டதால், மீன் தீனி வைக்கும் உஷ் அண்ணனின் ஐஸ் பெட்டியில் இடம் கேட்டு வைத்திருந்தேன். வாரம் ஒன்று வாங்கிப் போவேன். இளஞ்சூடாக்கி வைப்பேன். காலையில் அப்படியே கிடக்கும். கொழுந்தன் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு, "சாப்பிட்டுச்சா அண்ணி?" என்பான். "சாப்பிடும்" என்பேன். பொய் இல்லை, எதிர்காலம்.

மூன்றாவது வாரம் குட்டியின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. நான்காவது எலி வாங்கப் போனபோது அழுதுவிட்டேன்.

"உஷ்" என்றார் அண்ணன். பிறகு கிசுகிசுத்தார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ பாக்குறீக?"

"ஒரு முப்பது தடவை இருக்கும். மூச்சு விடுதான்னு பார்க்கணும்ல? மூடியத் தூக்கி டார்ச் அடிச்சுத்தான் பார்க்கிறேன். நோட்டுல குறிச்சும் வச்சிருக்கேன்."

"நீங்க எலைல உக்காந்ததும் நான் வந்து மூஞ்சிக்கு நேரா முப்பது தடவ டார்ச் அடிச்சா ஒங்களுக்குச் சோறு எறங்குமா?"

அன்றே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வெறுங்காலோடு, சத்தம் வராமல் அடிமேல் அடி வைத்து நடந்து தொட்டிக்கு முன்னால் குந்தினார். தொட்டியின் கண்ணாடியில் மஞ்சள், குங்குமம். உள்ளே ஒரு கிண்ணம் பால், ஒரு முட்டை. வீட்டுக்குப் பாம்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் பாலோடு வர ஆரம்பித்திருந்தார்கள். மற்ற நாட்களில், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்களை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆத்தா, இந்தப் பாம்பு பால் குடிக்காது" என்றார் அண்ணன் என் அத்தையிடம்.

"பெறகு? காப்பி குடிக்குமா?"

"பயந்து கெடக்கு ஆத்தா. ஊரே மொறச்சுப் பாக்குதுல்ல."

பாலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டினார். இரண்டு கொட்டாங்குச்சியில் வாசல் போல அரைவட்டம் வெட்டி, சூடான மூலையில் ஒன்று, குளிர்ந்த மூலையில் ஒன்று கவிழ்த்தார். கேரட் ஒன்றுக்குள் சரக்கென்று புகுந்துகொண்டது. "மன்னிச்சுக்க தாயி" என்று கொட்டாங்குச்சியிடம் சொன்னார். கண்ணால் பார்த்தேன்.

போகும்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். தெருமுனை வேப்பமரத்தில் இரண்டு கொத்து ஒடித்து எங்கள் கேட்டில் கட்டிவிட்டார். எங்கள் பக்கம் வாசலில் வேப்பிலை இருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை என்று அர்த்தம். ஒரு ஆள் படி ஏற மாட்டார்.

ஏறவில்லை. பால்காரர் கேட்டுக்கு வெளியே பாலை வைத்துவிட்டு ஓடினார். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்தே, "யாருக்குடி, ஒனக்கா, புள்ளைக்கா?" என்று கத்தினார். கேட்டில் இளநீர் தொங்கியது. கூழ் வந்தது. பள்ளி வேன் நிற்காமலே போய்விட்டது. டீச்சர் போன் செய்து பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். டீச்சரிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

"பாப்பாவுக்கு இல்லைங்க மிஸ். பாம்புக்கு."

டீச்சர் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "பாம்புக்கும் அம்மை போடுமா?" என்றார். முழுக் கதையும் சொல்லி, மறுநாளிலிருந்து நானே மகளைக் கொண்டுபோய் விட்டேன்.

அத்தைக்குத்தான் கோபம் அடங்கவில்லை. "மாரியாத்தா சமாச்சாரத்துல வெளாட்டா? கட்டுனது கட்டுனதுதான். ஏழு நாளு ஒழுங்கா இருக்கணும்" என்று சட்டம் போட்டுவிட்டார். தாளிக்கக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது. டிவி கூடாது. உரக்கப் பேசக் கூடாது. என் கணவர் ஏழு நாளும் மோர்சோறு சாப்பிட்டார். அந்தத் தொட்டியைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சுகள் மட்டும்தான் வீட்டில் கேட்ட சத்தம். என் டார்ச்சை அண்ணன் கையோடு வாங்கிப் போயிருந்தார். முதல் இரண்டு நாள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் கேரட் கொட்டாங்குச்சியிலிருந்து தலையை நீட்டி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. தண்ணீர் குடித்தது. கூடத்தில் நின்ற நான் கிட்டப் போகவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் உஷ் அண்ணன் பிளாஸ்கோடு வந்தார். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குக் கஞ்சி கொண்டுவருகிற மாதிரி, உள்ளே வெந்நீரில் எலிக்குஞ்சு. அத்தை வாசலை மறித்தார்.

"வேப்பிலை கட்டுன வீட்டுக்குள்ள கவிச்சியா? தலைக்குத் தண்ணி ஊத்தாம உள்ள வரப்படாது."

"ஊத்திருங்காத்தா. பாம்புக்கா?"

"கட்டுனவன் தலைல!"

கொல்லைக் குழாயடியில் அண்ணன் குந்தினார். அத்தை மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். ஒவ்வொரு சொம்புக்கும் அண்ணன், "சத்தமில்லாம ஊத்துங்காத்தா, உள்ள கேக்கும்" என்றார். பிறகு அத்தையே கேட்டில் இருந்த வேப்பிலையை அவிழ்த்தார். நான் எலிக்குஞ்சைக் கொட்டாங்குச்சி வாசலில் வைத்தேன். வீட்டில் இருந்த எல்லோரையும் அண்ணன் தெருவுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் மஞ்சள் வழியும் தலையோடு அவரும், விஷயம் கேட்டுக் கூடிய தெருவும், நாங்களும் நின்றோம். என் மகள் என் விரலை விடவில்லை.

நான் மட்டும் போய்ப் பார்த்தேன். எலிக்குஞ்சு இல்லை. தொட்டிக்குள் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் போயிருக்குமோ என்று உடனே சந்தேகம் வந்தது. காகிதத்தைத் தூக்கக் கை போனது. அப்போது கொட்டாங்குச்சி வாசலில் கேரட்டின் நடு உடம்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. அதில் ஒரு சின்ன மேடு.

வாசலுக்கு வந்து தலையை மட்டும் ஆட்டினேன். மகள் குதித்தாள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உள்ள வந்து பாருங்கண்ணே" என்றேன். "வேணாம்மா, செமிக்கட்டும்" என்று கிசுகிசுத்துவிட்டு, ஸ்கூட்டரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய் அங்கேதான் ஸ்டார்ட் செய்தார்.

அதற்குப் பிறகு கேரட் ஆறு முறை சாப்பிட்டுவிட்டது. ஒருமுறை தோலும் உரித்தது. கொழுந்தனிடம் இப்போது இறந்தகாலத்தில் பதில் சொல்கிறேன். வாரம் தவறாமல் பிளாஸ்க் வருகிறது. ஆனால் அண்ணன் கேட்டைத் தாண்டுவதில்லை. ஆள் வந்தால் குட்டி மிரளும், தானும் ஆள்தானே என்கிறார். தான் பிழைக்கவைத்த குட்டி சாப்பிட்டு வளர்ந்திருப்பதை அவர் இன்னும் பார்க்கவில்லை. அத்தை அவருக்காகவே மீன் குழம்பு வைத்துக் காத்திருந்து, இரண்டு முறை தூக்குச்சட்டியில் கேட்டுக்கே கொடுத்தனுப்பியாகிவிட்டது.

இப்படிப்பட்ட மனிதரை, அவரால் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை என்று நம்பவைத்து, வீட்டுக்குள் கூட்டிவந்து ஒருவேளை சோறு போடுவது எப்படி? தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எங்கள் எல்லோருக்கும் அவரை எங்கள் வீட்டு இலையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.