டிராஃப்ட் மோடில் ஒரு சம்மதம்

காலை ஒன்பதே கால். பதினான்கு பக்கங்கள். நஃபீசா.

பக்கங்கள், சார்ஜாவிலிருந்து மகள் யும்னா வாட்ஸ்அப்பில் அனுப்பிய விசா விண்ணப்பங்கள். நஃபீசா என் மனைவி. யும்னாவுக்கு நவம்பர் கடைசியில் பிரசவம். நஃபீசா போய் மூன்று மாதம் உடனிருக்க வேண்டும். நான் போவதாக இல்லை. இருபத்துநான்கு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றே, இனி விமானம் ஏறமாட்டேன் என்று வீடு நிறைந்த சொந்தக்காரர்கள் முன்னால் அறிவித்துவிட்டேன்.

எங்கள் கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு அவளுடையது. பீரோ அவளுடையது. அதற்குள் இருக்கும் என் பாஸ்போர்ட்டும் ஏறக்குறைய அவளுடையது. பிரிண்டர் மட்டும் என் ஆட்சி.

என் ஆட்சியில் சிக்கனம் கடுமை. கலர் கிடையாது. மை குறைவாகச் செலவாகும் டிராஃப்ட் மோடுதான். ஒரு பக்கத்தில் இரண்டு பக்கம், தாளின் இருபுறமும். நேரமும் மிச்சமாக வேண்டுமே, அதனால் கோப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை. மொத்தமாக ஒரே அழுத்து.

அன்று மை அடர்த்தியையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று டிராவல்ஸ்காரர் திருப்பி அனுப்புவார். அவள் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும். முந்தின வாரம் அவள் ஒரு கல்யாணத்துக்கு ராமநாதபுரம் போன அன்று, உப்பு டப்பாவைத் தேடியே எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. மூன்று மாதத்தை எப்படித் தேடி முடிப்பது?

வந்த நாலு தாளையும் நஃபீசா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, அடிச்சீங்களா, இல்ல தாளுக்கு மையைக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா?"

"கண்ணுக்கு இதமா இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது."

கைபேசியைப் பார்த்துப் பார்த்துத் தாளில் ஆறு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டாள்.

"இங்கனயெல்லாம் கையெழுத்துப் போடுங்க."

"உன் விசாவுக்கு என் கையெழுத்து எதுக்கு?"

"அதுலயே எழுதியிருக்கு. படிச்சுப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டேன். கழற்றித் துடைத்தேன். திரும்பப் போட்டேன். ஈர மணலில் நண்டு ஓடிய தடம்போல ஏதோ இருந்தது.

"தெரியலைன்னா சொல்லுங்க, கடையில நல்லா அடிச்சுட்டு வாரேன்."

"யாரு சொன்னா தெரியலைன்னு? கணவர் சம்மதம்னு போட்டிருக்கு."

"அப்ப சம்மதந்தானே? அழுத்திப் போடுங்க. கையெழுத்துலயும் மிச்சம் பிடிச்சுராதீங்க."

ஆறு இடத்திலும் அழுத்திப் போட்டேன்.

பத்து நாள் கழித்து டிராவல்ஸ் பர்வேஸ் போன் செய்தார். எங்கள் பக்கம் அண்ணன் 'காக்கா', அக்கா 'லாத்தா'.

"காக்கா, நீங்க அடிச்ச தாள்ல உங்க கையெழுத்து மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

என் மனம் துள்ளியது. "அப்ப திருப்பி அனுப்புறியா தம்பி?"

"எதுக்கு? எனக்கு அது மட்டுந்தானே வேணும்! மத்ததையெல்லாம் லாத்தா அன்னைக்கே போன்ல அனுப்பிட்டாங்க. ரெண்டு பேருக்கும் விசா வந்துருச்சு."

"ரெண்டு பேரா?"

"முதல் ஏழு பக்கம் லாத்தாவுக்கு, அடுத்த ஏழு பக்கம் உங்களுக்கு. நீங்கதானே காக்கா அடிச்சீங்க?"

அடுக்களைக்குப் போனேன். மீனுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் விமானம் ஏறமாட்டேன்னு ஊருக்கே தெரியும், நஃபீசா."

"ஊருக்குத் தெரியும். உப்பு டப்பா எங்கன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே." தலை நிமிரவில்லை. "வாப்பா வருவாங்களான்னு யும்னா கேட்டா. எழுதியே குடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

மகளிடம் போய், வாப்பா தான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை என்றா சொல்வது?

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, மதுரையிலிருந்து துபாய் சென்ற விமானத்தில் ஜன்னல் ஓரம் நஃபீசாவும் நடு இருக்கையில் நானும் பயணம் செய்தோம். பயணச்சீட்டுகள் கடையில் அடித்தவை, கலரில்.