மாப்பிள்ளை வண்டியின் பெல்ட்டும் மேரி அத்தையின் எடையும்

எங்கள் குடும்பத்தில் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முறைப்படி செய்ய உட்கார்ந்தால்தான் வினை. அடுத்த நிமிடமே ஆளுக்கொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். என் தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் நடந்த கூத்துக்கு நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நடந்ததை நான் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை ஆல்பர்ட் பெங்களூர் விவேக் நகர்க்காரர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் வலுவிழந்துவிட்டது. கைத்தடியோடு நன்றாகவே நடப்பார், ஆனால் நம் ஜனங்கள் நடக்க விட்டால்தானே! பஸ் படியோ கல்யாண மேடையோ, எங்கே போனாலும் அவர் கேட்காமலேயே நாலு பேர் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்ததும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஆட்டோ இல்லை (எங்கள் தெருவுக்கே இதை நான் விளக்க வேண்டியிருந்தது). முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் இரண்டு பேர் உட்காரும் மகாராஜா சீட்டு, பின்னால் ஒரு டிக்கி. செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த பெரிய ரப்பர் பெல்ட். கிளட்ச், பிரேக், கியர் எல்லாமே கையில்.

கல்யாணப் பேச்சில் அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. அதையும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"மச்சான், சர்ச்லேந்து ஹாலுக்கு ஸ்டெல்லாவ நானே ஓட்டிட்டுப் போணும். அன்னிக்கு ஒரு நாளாவது யாரும் என்னைத் தூக்கக் கூடாது."

"நான் பாத்துக்கறேன் மாப்ள" என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

வண்டியை ஜோடிப்பது பெண் வீட்டார் பொறுப்பு என்பதால் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பின் டயர்கள் புதிதாக மாற்றியிருந்தார்கள். டயர் மாற்றியதால் பெல்ட் டென்ஷனை, அதாவது அதன் இறுக்கத்தை, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆல்பர்ட் போனில் சொன்னார். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நான்தான் குடும்ப வாட்ஸப் குழுவில் என்னை நானே 'டெக்னிகல் இன்சார்ஜ்' என்று அறிவித்துக்கொண்டிருந்தேனே. ஆபீசில் கீபோர்டைத் தவிர வேறெதையும் தொட்டிராதவன், இதற்கென்று நீல நிற ஓவர்கோட்டும் ரப்பர் கையுறையும் வாங்கினேன். (கோட்டு இன்னும் இருக்கிறது. என் மனைவி அதைத் தலையணை உறைக்குள் திணித்து வைத்திருக்கிறாள்.)

ஆல்பர்ட் முறையைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பெல்ட்டின் கீழ்ப்பக்கத்தில், நடுவில், ஸ்பிரிங் வைத்த சின்ன அளவுமானியால், அதாவது கேஜால், மேலே தள்ள வேண்டும். கேஜில் போட்டிருக்கும் கோடு வரை அழுத்தும்போது பெல்ட் எவ்வளவு ஏறுகிறது என்று பக்கத்திலுள்ள அளவுக் கோட்டில் பார்க்க வேண்டும். கூடுதலாக ஏறினால் தளர்ச்சி, குறைவாக ஏறினால் இறுக்கம். அதற்குத் தகுந்தபடி பின் அச்சின் இருபுறமும் உள்ள நட்டைச் சமமாகத் திருக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார்: "வண்டி மேல யாரும் உக்காரக் கூடாது மச்சான்."

இதில் புரியாதது ஏதாவது இருக்கிறதா? எனக்கும் நன்றாகவே புரிந்தது. வாசலில் படுத்தேன், கேஜை வைத்தேன், தள்ளினேன். கொஞ்சம் தளர்ச்சி. நட்டைக் கால் சுற்றுத் திருகினேன். கோட்டில் கச்சிதமாக நின்றது. அந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அப்பா வந்தார்.

அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கியவர். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, நாங்கள் பெங்களூருக்கு வந்தும் அவ்வளவு காலமாகிவிட்டது. ஆனாலும் உலகத்தில் கயிறு, வார், பெல்ட், ஏன், பாவாடை நாடா எதுவானாலும் தீர்ப்பு தன்னுடையதுதான் என்ற எண்ணம் மட்டும் அவரிடம் மூடப்படவில்லை.

"இன்னாடா பண்ற? காலி வண்டில டென்ஷன் பாக்குறியா?"

"அப்படித்தாம்பா பாக்கணும். மாப்ளயே சொன்னாரு."

"காலி கூண்டுல ரோப்பப் பாத்தா இன்னாடா தெரியும்? ஆளு ஏறணும். ஏறினாத்தான் ரோப்போட கொணம் தெரியும். எத்தினி உயிர எறக்கி ஏத்தியிருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

சொல்லிக்கொண்டே ஏறி ஆல்பர்ட்டின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஆல்பர்ட்டைப் போல ஒன்றரை ஆள் இருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஸ்டெல்லா எடத்துக்கு யாராவது வாங்கப்பா!"

வந்தவர் மேரி அத்தை. அப்பாவின் அக்கா.

அத்தை அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் பெண் சர்ச்சிலிருந்து கிளம்பும்போது கூடவே காரில் உட்கார்ந்து போவது அத்தையின் உரிமை. இந்த மூன்று சக்கர வண்டியால் அந்த உரிமை பறிபோனது. 'எனக்கு எடமில்லாத வண்டி இன்னா வண்டி' என்று சொந்தபந்தம் முழுவதும் சொல்லியாகிவிட்டது. இப்போது கூப்பிட்டதும் முகம் மலர்ந்து புடவையைச் செருகிக்கொண்டு வந்தார்.

"நான் உக்கார்றேன். நானும் ஸ்டெல்லாவும் ஒரே சைஸுதான்."

இந்த இடத்தில் நீங்கள் மேரி அத்தையைப் பார்த்திருக்க வேண்டும். அத்தையின் ஒரு ஜாக்கெட்டில் ஸ்டெல்லாவுக்கு இரண்டு தைத்து, மிச்சத் துணியில் எனக்கு ஒரு கர்ச்சீப்பும் தைக்கலாம். ஆனால் அதை யார் சொல்வது? அப்பா வானத்தைப் பார்த்தார். நான் நட்டைப் பார்த்தேன். அத்தை ஏறி உட்கார்ந்தார். வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டு இறங்கியது.

மறுபடியும் கேஜை வைத்தேன். பாரத்தில் பின் சக்கரம் வண்டிக்குள் மேலே ஏறியதில் பெல்ட் விறைத்துப்போய் அசையவே மறுத்தது.

"பாத்தியா!" என்றார் அப்பா. "இப்படியே உட்டிருந்தா மாப்ள ஏறுனதும் பெல்ட்டு அறுந்திருக்கும். லூஸ் பண்ணு."

லூஸ் செய்தேன். கோட்டுக்கு வரும்வரை செய்தேன். அவர்கள் இருவரும் இறங்கியதும் பெல்ட் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது.

"அப்பா, தொங்குதுப்பா."

"காலியா இருந்தா தொங்கத்தான் செய்யும்."

"இல்லப்பா, வெயிட்டு ஜாஸ்தியாயிடுச்சோன்னு..."

மேரி அத்தை இடுப்பில் கைவைத்துத் திரும்பினார். "யாரு வெயிட்டு ஜாஸ்தி?"

சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? மறுநாள் கல்யாணம். அத்தை கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அவரோடு பாதி சொந்தம் கிளம்பும். பெல்ட்டைவிட அது பெரிய விஷயமாகத் தோன்றியது. மாலையில் ஆல்பர்ட் போன் செய்து கேட்டபோது, "அளவுக் கோட்ல கரெக்டா நிக்குது மாப்ள" என்றேன். அது பொய்யே இல்லை.

கல்யாணத்தன்று வண்டியை நான்தான் சர்ச்சுக்கு ஓட்டிப்போனேன். வழியெல்லாம் இறக்கம், அப்பா வேறு பின்னால் உட்கார்ந்திருந்தார், வண்டி சமத்தாக வந்தது. பூசை முடிந்தது. பேண்டு வாத்தியம் முழங்க ஆல்பர்ட் கோட்டு சூட்டில் தடியை ஊன்றி நடந்து வந்தார். உதவிக்கு வந்தவர்களையெல்லாம் புன்னகையாலேயே விலக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். (ஹெல்மெட்டா? கிரீடத்தின் மேல் அதை மாட்டிய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) எல்லோரும் கை தட்டினார்கள். என் கண் கலங்கிவிட்டது.

சர்ச் வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு சின்ன மேடு. ஆல்பர்ட் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினார்.

கட கட கட கட என்று தகரக் கூரையில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். வண்டி ஓர் அடி போய் நின்றது. மறுபடி திருகினார். மறுபடி அதே கடகட. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆல்பர்ட் குனிந்து பெல்ட்டை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மச்சான், பல்லு தாண்டுது. இவ்ளோ லூஸா இருக்கே?"

அதற்குள் வந்துவிட்டார்கள் நம் ஆட்கள். "கார கொண்டாங்கப்பா", "தம்பியப் புடிங்க", "மெதுவா தூக்குங்க". நாலைந்து கைகள் அவர் கக்கத்துக்குப் போய்விட்டன. ஆல்பர்ட்டின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "தொடாதீங்க!" என்று கத்தினார். கூட்டம் அப்படியே நின்றது. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் நான் கோட்டு சூட்டோடு பூமிக்குள் போய்விடத் தயாராக இருந்தேன்.

"வண்டி மேல யாராவது உக்காந்தாங்களா மச்சான்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். மனிதர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சுரங்க வாசலில் கூண்டுக்கு ஆள் ஏற்றுபவரைப் போல அதிகாரமாகச் சொன்னார்:

"டென்ஷன்லாம் சரியாத்தான் இருக்குது. லோடுதான் பத்தல. மேரிக்கா, ஏறு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே பார்க்க ஒரு மனிதரின் ஆசையைக் கெடுத்துவிட்டு என்ன பேச்சு இது! அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேரி அத்தை செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டெல்லாவை முன்னால் நகர்த்தி, டிக்கியின் மேல் சாய்ந்து, பட்டுப்புடவை சரசரக்க அமர்ந்துவிட்டார். வண்டியின் பின்பக்கம் இறங்கியது. ஆல்பர்ட் மறுபடி குனிந்து பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"மச்சான், பர்ஃபெக்ட் டென்ஷன்."

வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை. மேட்டை வெண்ணெயாக ஏறியது. பேண்டு மறுபடி முழங்க, நான் அத்தையின் செருப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மாலையோடு ஒருவர், கிரீடத்தோடு ஒருத்தி, பின்னால் அத்தை. "ஏனு இது, மூரு ஜன?" என்று கேட்டார். மூன்று பேர் ஏறலாமா என்கிறார். அத்தை அசரவில்லை. "மூரு சக்கர இதெயல்லா சார்?" என்று கீழே கைகாட்டினார். போலீஸ்காரர் சக்கரங்களை உண்மையிலேயே எண்ணிப் பார்த்துவிட்டு, "ஹோகி, ஹோகி" என்று போகச் சொல்லிவிட்டார். இந்த நகரத்தில் நான் சட்டப்படி ஹெல்மெட் மாட்டி, பேப்பர்களெல்லாம் வைத்துக்கொண்டு போகும்போது மட்டும் அரை மணி நேரம் நிறுத்திவைப்பார்கள்.

ஹால் வாசலில் இறங்கும்போது கூட்டம் வழக்கம்போல மாப்பிள்ளையிடம் ஓடியது. அவர் கையை உயர்த்தி, "மொதல்ல அத்தைய எறக்குங்க" என்றார். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட அத்தையை நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அந்த அமளியில் ஆல்பர்ட் தானாக இறங்கி, தடியை ஊன்றிக்கொண்டு, ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தபடி படியேறினார். என்னைக் கடக்கும்போது காதருகே சொன்னார்:

"பாத்தீங்களா மச்சான், இன்னிக்குத் தூக்குனது என்னை இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் எல்லோரையும் மன்னித்திருப்பேன். அவர்கள் விட்டால்தானே! அப்பா அன்றிலிருந்து அந்த வெற்றியைச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார். கல்யாண ஆல்பத்தில் முதல் படமே அத்தை நடுநாயகமாக வீற்றிருக்கும் அந்த வண்டிதான். அத்தையோ, தான் மட்டும் இல்லையென்றால் அந்தக் கல்யாணம் சர்ச் வாசலிலேயே நின்றிருக்கும் என்று விவேக் நகர் வரை சொல்லி வைத்திருக்கிறார். முறைப்படி முதலில் கச்சிதமாகத் திருகிய என் கால் சுற்றை நினைத்துப் பார்க்க ஒரு ஆள் கிடையாது. வீட்டில் ஃபேன் ஆடினாலும், கதவு சாத்தாமல் போனாலும், சூட்கேஸ் மூட மறுத்தாலும் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "மேரி அத்தையக் கூப்பிடுங்க".

போன மாதம் எங்கள் வாஷிங் மெஷின் சுற்றும்போது குதிக்கிறது என்று போனில் ஆல்பர்ட்டிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கையில் இருந்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஆல்பர்ட்டின் வண்டி. பின் சீட்டிலிருந்து இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டே உள்ளே வந்த மேரி அத்தை கேட்டார்:

"எங்கடா அது? எந்தப் பக்கமா உக்காரணும்?"