தொண்ணூற்றேழும் ஒரு வாத்தியாரும்

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலமும், மாமாவின் முழங்கால் நலமும், கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் முப்பத்தொரு படகுகளின் நலமும் அறிய விரும்புகிறேன். நான் நலம் என்று எழுதியது பழக்கத்தால். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை இரவு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் பதினோரு நிமிடம் பேசிவிட்டு, "சரி வச்சிடறேன், நீ நல்லா இருக்கேல்ல" என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால் கடிதம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை வெள்ளிக்கிழமை, ஆற்றுப்படுகைக் குழுவின் கூட்டத்தில், தயவுசெய்து பேசாதீர்கள். ஒரு வார்த்தைகூட. காரணம் கீழே.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதே இல்லை, ஊரில் எல்லோரிடமும் நீங்களே ஒன்றைச் சொல்லி வைத்திருப்பதால். அது இதுதான். தடுப்பணையின் ஓரத்தில் மீன்கள் மேலே ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு. பதினான்கு படிகள், எல்லாம் தண்ணீருக்குள். கடைசிப் படியை ஒட்டி, தரைக்குக் கீழே ஓர் அறை. அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு நாற்காலி, நாற்காலியில் நான். கண்ணாடியில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். அதைவிட நீளமான மீன் கடந்தால், கையில் இருக்கும் கருவியை ஒருமுறை அழுத்த வேண்டும். டிக். குட்டையான மீன் என்றால் அழுத்தக் கூடாது, அது முட்டையிடும் வயதுக்கு வரவில்லை. காலையில் ஓர் அக்கா எண்ணுவார், மதியத்திலிருந்து நான். தத்துவத்தில் பட்டம் வாங்கியவனை ஏன் எடுத்தார்கள் என்று நானும் யோசித்தேன். நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான். "தனியா உக்காந்து பழக்கமா?"

பழக்கம்தான்.

இரண்டு மாதம் முன்பு நடந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும், எனக்கு மறக்காது. இந்த ஆற்றில் மீனும் மற்ற உயிர்களும் எவ்வளவு பெருகினால் ஆறு பிழைத்துக்கொண்டது என்று சொல்லலாம், அந்த எண்ணை முடிவு செய்ய எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், நான் சுவரோரம் எண்ணிக்கைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீர்நாய்க்கு எட்டு என்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எட்டு எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, மேசையில் எட்டு நாற்காலி இருந்தது என்பதைத் தவிர. மீன் என்று வந்ததும் சிக்கல். முன்பெல்லாம் எவ்வளவு இருந்தது என்று தலைவர் கேட்டார். "எண்ண முடியாத அளவு இருந்துச்சு" என்றீர்கள். அவர் குறிப்பேட்டில் "முன்பு எண்ணப்படவில்லை" என்று எழுதிக்கொண்டார். எத்தனை மீன் இருந்தால் போதும் என்று கேட்டார். அப்போதுதான் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"வலையில சிக்கினா எங்களுக்குப் போதும். சிக்கலைன்னா அதுக்குப் போதும். நீங்க எந்தப் பக்கத்துக் கணக்கு கேக்கறீங்க?"

அதிலிருந்து ஐம்பது நிமிடம். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலைவர் இரண்டு முறை பேனாவைத் திறந்து மூடினார். கடைசியில், போன பருவத்தில் எத்தனை ஏறியது என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். தொண்ணூற்றேழு என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். உங்கள் முகம் மாறியதை நான் கவனித்தேன் அத்தை. நீங்கள் அந்த எண்ணை நம்பவில்லை. என்னை நம்பினீர்கள். "தொண்ணூத்தேழு இருக்குன்னா இது பிழைக்கிற ஆறு. முட்டை வைக்கிற மூணு மாசம் எங்க வலை தண்ணியில இறங்காது" என்று வலைக்காரர்கள் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். பத்து வருடத்தில் இருநூறு என்று இலக்கு வரைவாயிற்று. நாளை அதற்குத்தான் இறுதி ஒப்புதல்.

இனி வாத்தியார்.

போன பருவத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு பெரிய மீன் வந்தது. வாலின் மேல்நுனியில் கத்தரித்த மாதிரி ஒரு வெட்டு. கண்ணாடி முன்னால் நின்று, என்னை ஒரு பக்கக் கண்ணால் பார்த்து, வருகைப் பதிவு எடுத்து முடித்ததுபோல மெதுவாக மேலே போனது. டிக். மறுநாள் மீண்டும் வந்தது. அதே வெட்டு, அதே பார்வை. ஏறுவதை மட்டும்தான் நாங்கள் எண்ணுகிறோம். இறங்குகிற மீன் தடுப்பணையின் விளிம்பில் தண்ணீரோடு விழுந்து கீழே போய்விடும், அது எங்கள் ஜன்னல் பக்கம் வராது. ஆக, ஏறுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. எதற்கு என்று தெரியவில்லை. அலட்டிக்கொள்ளாத ஒரு பிடிவாதம். வாத்தியார் என்று பெயர் வைத்தேன். அக்காவிடம் சொன்னபோது, "என் ஷிப்ட்லயும் வருது. நான் வாலறுந்தவன்னு வச்சிருக்கேன். வாத்தியார்னே இருக்கட்டும், மரியாதையா இருக்கு" என்றார். இரண்டு பேரும் தனியாக ஒரு நோட்டில் வாத்தியார் வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டோம்.

அறையில் வேறு யாரும் இல்லை. சில நாட்கள் நான் அதனிடம் பேசினேன். கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்ட ஒருத்தியைப் பற்றி. உங்களுக்குத் தெரியாத விஷயம், இந்த வரியை மாமாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ஒரு முழத்துக்கு மேல் நீளமுள்ள எதுவும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றது அந்த மூன்று மாதத்தில்தான். வாத்தியார் அவசரப்படவில்லை. ஆலோசனை சொல்லவில்லை.

நான் அதை விரும்பினேன். எண்ணுகிறவன் விரும்பக் கூடாது.

திங்கட்கிழமை, நாளைய கூட்டத்துக்கான வரைவு என் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே, "தற்போதுள்ள பெரிய மீன்கள்: 97." மீன்கள். நான் அழுத்தியது ஒவ்வொரு முறை கடந்ததற்கும். அவர்கள் எழுதியிருப்பது ஒவ்வொரு மீனுக்கும். நோட்டை எடுத்து வாத்தியாரின் கோடுகளைக் கூட்டினேன். ஐம்பத்தெட்டு. மீண்டும் கூட்டினேன். தத்துவம் படித்தவன் என்பதால் அக்காவையும் கூட்டச் சொன்னேன். ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றேழில் ஐம்பத்தெட்டு போனால் முப்பத்தொன்பது, வாத்தியாரையும் ஒருவராகச் சேர்த்தால் நாற்பது.

நாற்பது என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஐம்பதுக்குக் கீழே போனால் குழுவின் விதி வேறு. மீட்க வழியில்லை என்று எழுதிவிட்டு, படிக்கட்டைப் பலகையால் அடைத்து, அந்தத் தண்ணீரையும் மின்சாரத்துக்குத் திருப்பிவிடுவார்கள். பிறகு முட்டையிட மேலே போக வழி கிடையாது. நாலைந்து வருடத்தில் உங்கள் வலையிலும் ஒன்றும் இருக்காது. இப்போதே முப்பத்தொரு வீட்டிலும் வலையைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று, இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவரும் படகோட்டி சொன்னார். "உங்க அண்ணன் மகன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து சொன்னான்னு எங்களையும் உக்கார வச்சிட்டீங்களே" என்று ஒருவர் கேட்டாராம். நீங்கள் அதற்கு, "அவன் ஒண்ணு ஒண்ணா எண்ணினான்டா. ஒண்ணைக்கூட ரெண்டு தடவை எண்ண மாட்டான், அவ்வளவு சோம்பேறி" என்றீர்களாம்.

அதைக் கேட்ட பிறகுதான் சாப்பாடு இறங்காமல் போனது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று செவ்வாய் முழுவதும் ஜன்னல் முன்னால் யோசித்தேன். சொன்னால் படிக்கட்டு மூடும். சொல்லாவிட்டால், இல்லாத மீன்களை நம்பி முப்பத்தொரு வீடு உட்கார்ந்திருக்கும், நான் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டாவதுதான் முடியாது என்று தோன்றியது. நேற்று மாலை திருத்த விண்ணப்பம் எழுதி, தலைவர் அறை வாசலில் இருக்கும் பூட்டிய பெட்டியில் போட்டுவிட்டேன். அந்தப் பெட்டியைக் கூட்டத்தில்தான் திறப்பார்கள். பாக்கி எல்லாம் முடிந்ததும், கடைசியில்.

அதனால்தான் கேட்கிறேன். நாளை நீங்கள் எழுந்து நின்று, தொண்ணூற்றேழு, என் அண்ணன் மகன் எண்ணியது, என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு அவர்கள் என் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதை நான் சுவரோரம் நின்று பார்க்க முடியாது. வாயைத் திறக்காமல் இருங்கள். தலைவர் கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கு அது நம்பும்படியாக வராது, இருந்தாலும் முயற்சி செய்யுங்கள். பழி என்னோடு போகட்டும். கூட்டம் முடிந்ததும் வெளியே வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அதற்கு நேர வரம்பு இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு ஓய்வு. படகுகளுக்கு நல்ல நீர் வாய்க்கட்டும். உங்கள் கோபம் குறைந்த ஒரு நாளில் உங்கள் ஆசியையும் எதிர்பார்க்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்கு ஏங்கும்,
அண்ணன் மகன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். படகோட்டி அவசரப்படுத்துகிறார், ஒரு நிமிடம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். கடிதத்தை உறையில் போடும்போது அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார். "வந்து பாரு. பேசாம வந்து பாரு." ஜன்னலில் வாத்தியார். அவர் பக்கத்தில் இன்னொரு வாத்தியார். இரண்டு வாலிலும் அதே இடத்தில் அதே வெட்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் மூன்றாவது வந்தார். அக்கா டிக், டிக், டிக் என்று அழுத்திவிட்டு, "இது வாத்தியார் இல்லப்பா. முழுப் பள்ளிக்கூடம்" என்றார். படிக்கட்டு ஓரமாகக் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு ஒவ்வொரு படியாகத் தடவினேன். ஆறாவது படியில் பக்கச் சுவரிலிருந்து ஒரு போல்ட் வளைந்து துருத்திக்கொண்டிருக்கிறது. சின்ன மீன் தப்பிவிடும். பெரிய மீன் வாலை அடிக்கும்போது நுனி அதில் மாட்டிக் கிழியும். என் ஆள்காட்டி விரலும் கிழிந்தது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். தொண்ணூற்றேழும் தொண்ணூற்றேழுதான் அத்தை. நீங்கள் சொன்னது சரி, ஒன்றைக்கூட நான் இரண்டு தடவை எண்ணவில்லை. ஆனால் ஐம்பத்தெட்டுப் பேரிடம் என் சொந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன்.

நான் போட்ட விண்ணப்பம் பெட்டிக்குள் இருக்கிறது. சாவி தலைவரிடம், தலைவர் வெளியூரில், நேராகக் கூட்டத்துக்குத்தான் வருகிறார். சும்மா வாயால் சொன்னால், நேற்று ஒன்று இன்று ஒன்றா என்பார்கள். போல்ட்டைக் கையில் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும். நாளைக் காலை ஒன்பதரைக்குத்தான் தண்ணீரை நிறுத்த அனுமதி, பட்டறைக்காரர் வந்து அறுத்தெடுத்துவிட்டு நான் அங்கு வந்து சேரப் பதினொன்று ஆகிவிடும். கூட்டம் பத்து மணிக்கு. அதனால் பேசுங்கள். தலைவர் உட்கார்ந்ததும் எழுந்து நில்லுங்கள். வலையைப் பற்றி, மாமாவின் முழங்காலைப் பற்றி, நீர்நாய் ஏன் எட்டு என்பதைப் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும். அவர் பேனாவைத் திறந்து மூடினால் கண்டுகொள்ள வேண்டாம். பெட்டியை நோக்கி யார் கை நீட்டினாலும் குரலை உயர்த்துங்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்வரை நிறுத்தாதீர்கள்.

போகும்போது தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.