அரளிக்குக் குளிர்கால ஜாகை

ஷ்டுட்கார்ட்,
மார்ச் முதல் ஞாயிறு

என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா ரோஸ்விதாவுக்கு,

தம்பி ஆல்வின் வணங்கி எழுதுவது. இங்கே நான், கெர்டா, கெர்டாவின் முழங்கால் ஆகிய மூவரும் ஒருவாறு சுகம். அங்கே கீல் நகரில் நீயும் உன் புது இடுப்பு மூட்டும் மகன் ஹென்னிங் வீட்டுச் சாப்பாட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அஞ்சலட்டை கிடைத்தது. முன்பக்கம் கலங்கரை விளக்கம் அழகாக இருந்தது. பின்பக்கம் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 'அரளி உயிரோடு இருக்கிறதா? ஒரே வார்த்தையில் பதில் எழுது. இருந்தால் ஈஸ்டருக்கு வீடு திரும்புகிறேன். செத்துவிட்டதென்றால் எனக்கு அங்கே என்ன வேலை? ஹென்னிங் இங்கே பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்து அறைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் சில நாட்களாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். 'இருக்கிறது' என்றால் பொய்யாகிவிடலாம். 'இல்லை' என்றால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வார்த்தையை நீயே தேர்ந்தெடுத்துக்கொள்.

அக்டோபரில், படியையும் முற்றத்தையும் கூட்டித் துடைக்கும் முறை உனக்கு வந்த கூட்டும் வாரத்தில், ஈரப் படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாய் அல்லவா? ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கீழ் வீட்டு நேகெலே அம்மாளிடம், "மீதி மூணு படியை நீங்க துடைச்சிடுங்க, முற்றத்தையும் கூட்டிடுங்க, என் வாரம் கெட்டுப்போயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினாய். அந்தக் கதையை எங்கள் தெருவில் இன்றுவரை மரியாதையோடு பேசுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்ன முதல் வார்த்தை மகன் பெயரில்லை, என் பெயரில்லை. "உறைபனி வரப் போகுதுடா, அரளியை உள்ள எடு. முற்றத்துக் கதவுக்கு வலது பக்கம் நிக்கிறது என்னுது" என்றாய். வானொலியிலும் அன்றிரவு பனி என்றார்கள். நான் உடனே கைவண்டியோடு போனேன். கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தொட்டி, இரண்டிலும் ஆள் உயர அரளி, பூவில்லை. மணியடித்தால் நேகெலே அம்மாள் வெளியே வந்து தன் வியாதிக் கதையைச் சிறுநீரகத்திலிருந்து ஆரம்பிப்பாள் என்று பயந்து, பூனை மாதிரி போய் வலது பக்கத்துத் தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

டிராமில்தான் முதல் குழப்பம். நானே டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன், எனக்கு விதி தெரியாதா? ஆனால் பரிசோதகர் புதுப் பையன். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தான். "நாய்க்கு டிக்கெட் இருக்கு. சைக்கிளுக்கு இருக்கு. மரத்துக்கு என்னன்னு எனக்குத் தெரியலையே ஐயா" என்றான். "மடியில வெச்சுக்கிற சாமானுக்கு டிக்கெட் கிடையாது தம்பி" என்றேன். "அப்ப மடியில வைங்க" என்றான். வைத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, "ஐயோ, இது அரளி! விஷம்! பிள்ளைங்க யாரும் தொடாதீங்க!" என்று கத்த, மொத்தப் பெட்டியும் பின்பக்கம் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நானும் மரமும் முன்பக்கம் தனியாக ராஜா ராணி போல வந்து இறங்கினோம். நீ அத்தானோடு தேனிலவு போன இடத்தில் அவர் ஒரு குச்சியை ஒடித்துக் கொடுக்க, நீ ஈரச் சாக்ஸில் சுற்றிக் கொண்டுவந்த மரம் இது. இத்தாலியில் இதே ஜாதி நெடுஞ்சாலை நடுவில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கிறது. நம் ஊருக்கு வந்ததும் இதற்கு எங்கிருந்துதான் இத்தனை வியாதி வந்ததோ தெரியவில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலோரம் வைத்தேன். குளிர்ச்சி, வெளிச்சம், காற்று எல்லாம் இருந்தது. நாற்றுப் பண்ணைக்காரரே வந்து பார்த்து, "இதைவிட நல்ல இடம் மகாராஜா வீட்டுலகூடக் கிடைக்காது" என்றார். ஆனால் மரம் இலை கொட்டியது. அதுவும் எதிர்வீட்டு கோல்ப் அம்மாளின் கூட்டும் வாரமாகப் பார்த்துக் கொட்டியது. அவள் தன் முறை என்று காட்டும் கூட்டும் வாரப் பலகையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வெளியே வந்து பார்த்தால் படி முழுக்க மஞ்சள் இலை. "ஐசலே ஐயா, உங்க வாரத்துல இது ஒரு இலைகூடப் போடல. என் வாரம் வந்தா மட்டும் கொட்டோ கொட்டுனு கொட்டுது. இதுக்கு நீங்க ஏதாவது சொல்லிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். நான் சமாதானமாகப் போக நினைத்து, "அம்மா, மரம் என்னுது. உங்க வாரத்திலேயும் இலையை நானே கூட்டிடறேன்" என்றேன். அவ்வளவுதான் அக்கா, அந்தம்மா முகம் சுண்டிப்போயிற்று. "என் வாரத்துல நீங்க துடைப்பத்தைத் தொடறதா? ஊர் என்னைப் பத்தி என்ன நினைக்கும்? கோல்ப் வீட்டுக்காரிக்குக் கூட்டக்கூடத் துப்பில்லைன்னு சொல்லாதா?" என்று அழுதே விட்டாள். கூட்டினாலும் தப்பு, கூட்டாவிட்டாலும் தப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரத்தை உள்ளே தூக்கினேன்.

சமையலறையில் வைத்தேன். கெர்டா சூப் கொதிக்கவைக்கிற சூட்டில் மரத்துக்கு உற்சாகம் வந்து, நவம்பரில் ஒரு கொத்து மொட்டு விட்டு, பூத்தும்விட்டது! நான் அக்கம்பக்கமெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே ஒரு சந்தேகம். உன் அரளி இளஞ்சிவப்பாகப் பூக்கும் என்று ஞாபகம். இது வெள்ளை வெளேரென்று பூத்தது. கெர்டாவைக் கேட்டேன். "ரோஸ்விதாவோட பூ ரோஸ்தான். போன வருஷம் என் தொப்பியில செருகி விட்டாங்களே" என்றாள். அப்புறம் அவளே, "அதிர்ச்சியில மனுஷனுக்குத் தலைமுடி ஒரே ராத்திரியில வெளுத்துடுதில்ல? டிராம்ல வந்த அதிர்ச்சியா இருக்கும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பூப்பதே பெரிது, நிறம் என்ன நிறம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பூவைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்த நேரத்தில்தான் ஹென்னிங் போன் செய்தான். "மாமா, அங்க அம்மாவைப் பாத்துக்க யாரு இருக்கா? மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் இருக்கேன்டா. அந்த அரளியை எப்படிப் பாத்துக்கிறேனோ அப்படியே உங்கம்மாவையும் பாத்துக்குவேன்" என்றேன். அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். பக்கத்தில் இருந்த கெர்டாவுக்கு அப்போது ஏனோ கடுமையான இருமல் வந்தது.

பூ உதிர்ந்த கையோடு செதில்பூச்சி வந்தது. இலைக்கு அடியில் பொட்டுப் பொட்டாய் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுவென்று கெர்டாவின் கிறிஸ்துமஸ் மேஜை விரிப்பு மேல் சொட்டியது. பண்ணைக்காரர் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டச் சொன்னார். குளியல் தொட்டியில் நிற்கவைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். ஒரே குளியலில் போகிற பூச்சியா அது? மரம் குளியலறையிலேயே தங்கிவிட்டது. நாங்கள் சமையலறைத் தொட்டியில் மேலுக்குத் துடைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அப்படியே போனோம்.

பிறகு பண்ணைக்காரர், "சூடுதான் பூச்சியைக் கூட்டிட்டு வருது, குளிர்ல வைங்க" என்றார். கோல்ப் அம்மாளோடு சமாதானம் ஆகாததால் மாடிப்படி இல்லை. பாதாள அறையில் இருட்டு. மிச்சம் எங்கள் படுக்கையறைதான். ஹீட்டரை அணைத்தேன், கட்டிலை உள்ளே தள்ளினேன், ஜன்னலோரத்தில் மரத்தை நிறுத்தினேன். நான் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்தேன். கெர்டா கொஞ்ச நாள் பொறுத்தாள். ஜனவரி பிறந்ததும் தலையணையோடு எழுந்தாள். "ஆல்வின், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த ஜன்னல் பக்கம் நான் படுத்திருந்தேன். இப்ப அங்க ஒரு பூச்சி புடிச்ச குச்சி நிக்குது. நான் செதில் விட்டா எனக்கும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவியா?" என்று கேட்டுவிட்டு, கூடத்து சோபாவுக்குப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இலை எல்லாம் போய்விட்டது. இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று பண்ணைக்காரரைக் கேட்டேன். "பட்டையை நகத்தால லேசாக் கீறிப் பாருங்க. அடியில பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு" என்றார். கீறினேன், பச்சை தெரிந்தது! மறுநாள் சந்தேகம் வந்தது. கொஞ்சம் தள்ளிக் கீறினேன், பச்சை. உன் அட்டை வந்த பிறகு பதற்றத்தில் காலையில் ஒரு தரம், காபிக்குப் பிறகு ஒரு தரம், படுக்கும்முன் ஒரு தரம் என்று கீறினேன். இப்போது கீறுவதற்குப் பட்டையே பாக்கி இல்லை, அக்கா. தொட்டியில் நிற்பது உரித்த கழி. உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நான் அதை முடித்துவிட்டேன் போலிருக்கிறது. பண்ணைக்காரரோ தரையோடு வெட்டச் சொல்கிறார். அவர் மனைவி, கடைசி உறைபனி விழுகிற மே மாதப் பனிப் புனிதர்கள் நாட்கள் தாண்டுகிறவரை கத்தியே படக் கூடாது என்கிறாள். வெட்டவா, விடவா, தண்ணீர் ஊற்றவா, மாதாகோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றவா, எனக்கு எதுவுமே விளங்கவில்லை.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மரம் செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. நீ போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தில் நான்தான் ஜெயிக்கிறேன், ஏமாற்றுகிறேன் என்று சொல்ல ஆளில்லை. கெர்டா சுடுகிற கேக்கைக் குறை சொல்லவும் ஆளில்லாமல் அவளே குறை சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறாள். மரத்துக்காக வராதே, எங்களுக்காக வா. உனக்கு வேறு அரளி வாங்கித் தருகிறேன். அது அத்தான் ஒடித்துக் கொடுத்த அரளி ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஹென்னிங்குக்கும் மருமகளுக்கும் என் ஆசி. உன் இடுப்பு மூட்டுக்குக் கர்த்தர் துணை இருக்கட்டும். கெர்டா சோபாவிலிருந்தபடியே உனக்கு அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறாள்.

குழப்பத்தோடும் பாசத்தோடும்,
உன் தம்பி,
ஆல்வின் ஐசலே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. நேகெலே அம்மாள். "உங்க அக்கா அரளியை எப்ப எடுத்துட்டுப் போகப் போறீங்க? ஈஸ்டருக்குப் படியைக் கழுவி விடணும்" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. "அதைத்தான் அக்டோபர்லயே எடுத்தாச்சே அம்மா" என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள், "அக்கா ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொல்ல வேண்டாம்னு இருந்தேன். அக்டோபர்ல என்னோட வெள்ளை அரளியை எவனோ முற்றத்துலேர்ந்தே திருடிட்டான்! போலீசுக்குக்கூடச் சொல்லிட்டேன். உங்கக்காவோடதாவது தப்பிக்கட்டும்னு உள்ள தூக்கிட்டு வந்து படிக்கட்டுக் கம்பியில சைக்கிள் பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன். குடிச்சு மிஞ்சின தண்ணியை ஊத்துறதோட சரி. அது பாட்டுக்குத் துளிர் விட்டு நிக்குது" என்றாள்.

"வலது பக்கம் நின்னது அக்காவோடதுதானே?" என்று கேட்டேன். "எப்பவும் வலது பக்கம்தான். அன்னைக்கு அக்கா வாரத்தை நான் முடிச்சுக் கொடுத்தேன் பாருங்க, ரெண்டு தொட்டியையும் நகர்த்தி அடியில கூட்டினேன். திருப்பி வைக்கும்போது இடம் மாறிடுச்சு. பின்ன, தொட்டிக்கு அடியில கூட்டாம விடுவாங்களா?" என்றாள். பிறகு திருடனை வயிறு எரிந்து சபித்தாள். நானும் மரியாதைக்கு, "ஆமாம்மா, அவன் கை விளங்காமப் போகட்டும்" என்றேன்.

ஆகவே உன் ஒரு வார்த்தைக்குப் பதில்: இருக்கிறது. மேலே எழுதியதில் ஒரு வரியும் உன் மரத்தைப் பற்றியதில்லை. வெள்ளை அரளி விஷயத்தை நேகெலே அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று நீ வந்துதான் முடிவு செய்ய வேண்டும், அதுவரை நான் போனை எடுக்கப் போவதில்லை. கெர்டா படுக்கையறை ஹீட்டரை மறுபடி போட்டுவிட்டுத் தலையணையோடு போய்ப் படுத்துவிட்டாள்.

உன் மரம் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டியதற்கு ஒரே காரணம், அது என் கையில் கிடைக்காததுதான். ஹென்னிங்கிடம் சொல்லு. பயப்படாமல் வா, அக்கா. உன்னை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன்.