கிளைவ் எழுதிய பணிவான புகார்

இனிமேல் கடை விவகாரம் எதுவும் மனைவி லோர்னாவின் காதுக்குப் போகக் கூடாது என்று கிளைவ் ஆர்மராட் சபதம் எடுத்தான். எடுத்த இடம் தோட்டத்துக் கொட்டகை. வீட்டுக்குள் எடுக்கத் துணிச்சல் இல்லை.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில், பர்ன்லி என்ற ஊரில், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் ஒரு மீன் வறுவல் கடை. வறுக்கிற அடுப்பு சாகக் கிடந்தது. கறி தொடாத புனித வெள்ளியன்று ஊரே மீன் தின்ன வரிசையில் நிற்கும். அந்த வியாபாரம் போனால் வருஷமே போச்சு, கடையை மூட வேண்டியதுதான். புது அடுப்பைத் தவணையில் கேட்டான். “உங்க கடை மேல கட்டாத கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்குன்னு கடன் அறிக்கை சொல்லுது” என்று தவணைக் கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான்.

கட்டாததா? குளிர்பெட்டி ரிப்பேர்காரனோடு கூலித் தகராறு கோர்ட் வரை போனது நிஜம். கிளைவ் தோற்றது நிஜம். கொஞ்சம் இழுத்தடித்தாலும் கடைசிப் பென்னி வரை கட்டியதும் நிஜம். ஆனால் கட்டியதைக் கோர்ட்டுக்கு யார் சொல்வது? வாங்கினவன் சொல்லவில்லை. கொடுத்தவனும் சொல்லவில்லை. கோர்ட் என்ன ஜோசியமா பார்க்கும்?

“வம்பு வேண்டாம், அவன் பணத்தக் கொடுத்துத் தொலை” என்று லோர்னா அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அதனால்தான் அவளிடம் வாயைத் திறக்க முடியவில்லை.

அறிக்கை தயாரிக்கிற நிறுவனத்துக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினான். கிளைவ் எப்படிப்பட்ட ஆள் என்றால், பஸ்ஸில் எவனாவது இவன் காலை மிதித்தால் இவன்தான் மன்னிப்புக் கேட்பான். அவன் எழுதின புகார் இப்படி: ‘தங்கள் அருமையான பணிக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். ஒரு சின்னத் தீர்ப்பைப் பற்றி, எப்போதாவது ஓய்வு கிடைத்தால்… அவசரமே இல்லை.’

அவசரம் இல்லை என்றால் எவன் அவசரப்படுவான்? பதில் வரவில்லை. முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தான். கொட்டகை வாசலில் லோர்னா.

“உள்ள என்ன பண்ற?”

“தக்காளி நாத்து பாக்குறேன்.”

“பேனாவ வச்சா?”

“குறிச்சு வைக்கணும்ல.”

“அடுப்பு என்னாச்சு?”

“பேசிட்டிருக்கேன். இதெல்லாம் பக்குவமா நகர்த்தணும். உனக்குப் புரியாது.”

“சரி கண்ணு” என்று போய்விட்டாள். லோர்னா ஒரே வார்த்தையில் அடங்கினால் பயப்பட வேண்டும். அவன் பயப்படவில்லை.

ஆனால் விஷயம் மனசை அறுத்தது. கடனைக் கட்டாதவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான். கட்டினவன் பெயர் கறையோடு கிடக்கிறது. கடைக்கு உருளைக்கிழங்கு போடுகிறவன் சும்மா சிரித்தால்கூட, இவனுக்கும் தெரிந்திருக்குமோ என்று கிளைவ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். மீன் கருகியது.

பிறகு ஒரு மத்தியானம் தவணைக் கம்பெனியிலிருந்து போன். அறிக்கை சரியாகிவிட்டதாம். அடுப்பு வருகிறதாம்.

கிளைவ் நெஞ்சு விரியக் கடைக்குள் வந்தான். “அடுப்பு வருது. சத்தம் இல்ல, சண்டை இல்ல. ரெண்டே கடிதம். மரியாதைக்கு உள்ள மவுசே தனி.”

லோர்னா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். “கடிதத்துக்கெல்லாம் அந்த அறிக்கை மாறாது. பணம் கட்டின அத்தாட்சிய கோர்ட்டுக்கு அனுப்பி, கட்டணம் கட்டி, தீர்ந்துச்சுன்னு சான்றிதழ் வாங்கணும். கோர்ட் பதிவு மாறினாத்தான் அறிக்கை மாறும். நான் அனுப்பிட்டேன்.”

கிளைவ் ஸ்டூலில் உட்கார்ந்தான். “உனக்கு எப்படித் தெரியும்?”

“நாலு காசு கொடுத்தா அந்த அறிக்கைய யாரு வேணாலும் பாக்கலாம். ஊருக்குத் தெரியலாம், எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?”

அவன் மேசையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்தான். “நீ அப்பவே சொன்ன. கேக்கல. உன் முன்னாடி தோத்துட்டு நிக்க வெக்கமா இருந்துச்சு.”

“தோத்தது கடை, கிளைவ். அதுல பாதி என்னோடது. அந்தப் பாதி வெக்கத்தையாவது எங்கிட்ட கொடுத்திருக்கலாம்ல?”

அவள் சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினாள். நாலைந்து தின்றதும் உயிர் வந்தது.

“இருந்தாலும், என் கடிதமும் கொஞ்சம் உதவியிருக்கும்ல?”

“உதவாம? அதப் படிச்சுட்டுத்தான் அந்த அறிக்கைக் கம்பெனிக்காரங்க கடைக்கு போன் பண்ணி எங்கிட்ட கேட்டாங்க, உங்க வீட்டுக்காரர் புகார் பண்றாரா, இல்ல எங்ககிட்ட வேலை கேக்குறாரான்னு.”